என்ஜின் ஓடினால் ஆள் இருக்கிறார்

பாவா,

உங்கள் காக்கிச் சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று அக்கா இன்று பீரோவிலிருந்து எடுத்தாள். துவைத்து மடித்து வைத்தவைதான். ஆனாலும் மடிப்பைப் பிரித்ததும் டீசல் வாசனை அறை முழுக்கப் பரவியது. அவள் அப்படியே திரும்ப உள்ளே வைத்துவிட்டாள். ஆவி, ஆன்மா எதையும் நம்பாதவள் நான். இருந்தும் கதவுப்பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

நீங்கள் திருத்தணிப் பக்கத்துக் கே.ஜி.கண்டிகையிலிருந்து போய்த் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டினீர்கள். உங்கள் மச்சினி நான் அதே துறைமுகத்தின் கரிம உமிழ்வைக் கணக்கிடும் ஆலோசகர். கப்பல், கிரேன், உள்ளே ஓடும் வண்டிகள் எல்லாவற்றின் புகையும் என் அட்டவணையில் வரும். வெளிச்சாலையில் வரிசையாகக் காத்து நிற்கும் ட்ரெய்லர்களின் புகை வராது. துறைமுக வாசலோடு எல்லை முடிகிறது என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்திருந்தார்கள். நான் ஊருக்கு வரும்போதெல்லாம் சோற்றைப் பிசைந்துகொண்டே கிண்டல் செய்வீர்கள்: "ராத்திரி பூரா நின்னுகினு இருந்தேன். என் புகை உன் கணக்குல வந்துச்சா, இல்ல நான் இன்னும் பொறக்கவே இல்லியா?"

நிற்கும்போது என்ஜினை அணைத்தால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். அணைத்த வண்டிக்கு வரிசையில் இடமில்லை என்றீர்கள். ஓட்டுநர் டீ குடிக்கப் போய்விட்டார் என்று பின்னால் நிற்பவர் முந்திவிடுவாராம். "ஓடிகினு இருந்தாதான் உள்ள ஆள் கீறான்னு அர்த்தம்." சொல்லிவிட்டு மோர் கேட்டீர்கள்.

உங்கள் கடைசி நாளன்று பிற்பகல் வரிசை நகரவே இல்லை. உங்கள் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அதனால் ஒருவரும் கதவைத் தட்டவில்லை. மாலையில் முன்வண்டி நகர்ந்தும் நீங்கள் நகரவில்லை. பின்னால் இருந்தவர் ஹாரன் அடித்து, திட்டி, கடைசியில் ஏறிப் பார்த்திருக்கிறார். மாரடைப்பு வந்து வெகுநேரம் ஆகியிருந்ததாம். நான் அலுவலகத்திலிருந்து ஓடிவந்தபோது உங்களைக் கீழே இறக்கிப் படுக்க வைத்திருந்தார்கள். சாவியைத் திருப்ப யாருக்கும் தோன்றவில்லை. ஆளில்லாத இருக்கை அதிர்ந்துகொண்டிருந்தது.

இந்த ஆண்டு அறிக்கையில், உமிழ்வுக் குறைப்பு இலக்கை எட்டிவிட்டோம் என்று எழுத வேண்டியிருந்தது. நான் வெளிச்சாலையையும் சேர்த்துக் கணக்கிட்டேன். சேர்த்தால் இலக்கு எட்டவில்லை. அதிகாரி அழைத்தார், நயமாகப் பேசும் மனிதர். சாலை நம்முடையது இல்லையே மேடம், அதை எடுத்துவிடுங்கள் என்றார். வரிசை நம்முடையதுதானே என்றேன். அவர் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

"அப்ப என் பேரையும் எடுத்துடுங்க சார்."

இரண்டையும் எடுத்துவிட்டார்கள். இலக்கு எட்டப்பட்டதாக அச்சாகி வந்தது. கேக் வெட்டினார்கள் என்று கேள்வி. என் பெயர் இல்லாததால் ஒரு சொட்டு டீசலும் மிச்சமாகியிருக்காது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஊருக்கு வந்து அக்காவிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான்: "அவரு வந்து கேட்டாருன்னா இன்னா சொல்லுவ?"

போன வாரம் கனகம்மாசத்திரத்தில் பஸ் மாற இறங்கினேன். சாலையோரம் ஒரு ட்ரெய்லர் ஓடியபடி நின்றது. ஜன்னலில் யாரும் தெரியவில்லை. தாண்டிப் போகப் பார்த்தேன், முடியவில்லை. இந்த வயதில், புடவையோடு, படியில் ஏறிக் கதவைத் தட்டினேன். உள்ளிருந்து ஒரு தலை எழுந்தது.

"இன்னாம்மா?"

ஒன்றுமில்லை, தூங்குங்கள் என்றேன்.

"தூங்கறவன எழுப்பி தூங்க சொல்றியே, நல்லா கீதும்மா."

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். கொஞ்சம் தள்ளி இன்னொரு வண்டியும் ஓடியபடி நின்றது. என் பஸ் வந்துவிட்டது. அதைப் போகவிட்டு, அந்த வண்டியை நோக்கி நடந்தேன் பாவா.