எச்சில் தொட்ட பின்

ஆடி மாசம், செவ்வாய்க்கிழமை.

மருமகளோட புது போனுக்குச் சார்ஜ் போட்டு வைக்கலாமுன்னு என் பழைய சார்ஜரைச் செருகினேன். பின் நுழையல. யாரையும் கேட்டுச் செய்ய எனக்கு வராது. பட்டு இழையைத் தறி அச்சில் கோக்குற மாதிரி எச்சில் தொட்டு அழுத்தினேன். உள்ளே எதுவோ நொறுங்கிச்சு.

சாயங்காலம் மகன் அவளைப் பார்த்துக் கத்தினான். “வாங்கி நாலு நாள் ஆவல, அதுக்குள்ள ஒடச்சிட்டியா?”

அவள் போனை எடுத்து முந்தானையில் துடைச்சாள். நான்தான், “பாத்துப் பொழங்கணும்மா” என்று அவளுக்கே புத்தி சொன்னேன்.

சோறு போடும்போது மெதுவாச் சொன்னாள். “அத்தே, இது டைப் சி. உங்க பின்னு இதுல போவாது.”

தெரிஞ்சுதான் திட்டு வாங்கிக்கினு இருந்திருக்கா. தலை நிமிரல எனக்கு.

காலையில் மகன் தறிக்குழியில் இறங்குறதுக்குள்ளே சொல்லிடணும். அவள் எதிரிலேயே.