எட்டுப் பேருக்கு ஒரு பாஸ்வேர்டு

மார்ச் 3, திங்கள்

இருபத்தாறாம் தேதி சுகாதாரத் துறை ஆய்வாளர் வருகிறார். நோயாளிக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் பம்ப் செய்கிறோம். எங்கள் கணினிகளுக்குள் யார் நுழைகிறார்கள், எதைத் தொடுகிறார்கள் என்பதற்கு ஒழுங்கான பதிவு இருந்தால்தான் இனி அரசு மருத்துவமனைகள் அதை வாங்கும். இல்லாவிட்டால் இரண்டாம் ஷிஃப்டுக்குப் பூட்டு. நாற்பது பேர் வீட்டுக்கு. பொறுப்பை மேலாளர் என் தலையில் கட்டிவிட்டார். தரப் பரிசோதனைப் பிரிவில் பதினாலு வருஷம் அடுத்தவர் தப்பைத் தேடியவளாம், இதையும் தேடுவேனாம்.

தேடினேன். முதல் தப்பு அவர் மேசையிலேயே. பெயர்ப் பலகையில் இருக்கும் பெயர்தான் அவருடைய பாஸ்வேர்டு, பின்னால் ஒன்று இரண்டு மூன்று. எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க என்று அசந்துபோய்க் கேட்கிறார். ரொம்பக் கஷ்டப்பட்டுத்தான் சார் என்றேன்.

மார்ச் 5, புதன்

விசைப்பலகைகளுக்கு அடியில் ஒட்டியிருந்த சீட்டுகளையெல்லாம் கிழித்தாயிற்று. பேக்கிங்கில் பாஸ்வேர்டைச் சுவர்க் கடிகாரத்தின் மேலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். மணி பார்க்கிறவரெல்லாம் உள்ளே போகலாம்!

மிச்சம், பம்பின் பாகங்களைப் பொருத்திப் பூட்டும் தூசியில்லா அறை. அங்கே லைன் லீடர் என் நாத்தனார், இவருடைய ஒரே தங்கை. இரண்டு வருஷமாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வேலையில் ‘மேடம்’, வீட்டுப் பக்கம் வருவதே இல்லை. ஒரு பம்ப் பழுதாகித் திரும்பி வந்தபோது, பதிவில் இருந்த அவள் பெயரை அறிக்கையில் எழுதியவள் நான். அவளுக்கு வரவிருந்த மேற்பார்வையாளர் பதவி அதோடு போயிற்று. வேலையைத்தானே செய்தேன்? பொய்யா எழுதினேன்?

மார்ச் 6, வியாழன்

போகவில்லை. நாளைக்கு.

மார்ச் 10, திங்கள்

போனேன். ஆளுக்கொரு பாஸ்வேர்டு, பன்னிரண்டு எழுத்து என்று நான் சொன்னதுதான் தாமதம், என் கையில் இரண்டு ஜோடி கையுறையை மாட்டிவிட்டு, அடித்துக் காட்டச் சொன்னாள். நாலு தடவை தப்பு. ஐந்தாவது தடவை கணினி என்னை வெளியே தள்ளிப் பூட்டிக்கொண்டது. முகமூடிக்குள் எல்லாரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

“அதனாலதான் மேடம், எட்டுப் பேரும் என் பாஸ்வேர்டுலயே வேலை பாக்குறோம். நான் இல்லாத அன்னைக்கும் அதேதான்.”

இல்லாத அன்றும் — நேரே போய்ப் பழைய வருகைப் பதிவேட்டை எடுத்தேன். அந்தப் பம்பைப் பூட்டிய அன்று அவள் விடுப்பு. விடுப்பு! ஐயோ, நான் என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கேன்? ஒரு பக்கம் புரட்டியிருந்தா தெரிஞ்சிருக்குமே. ஏன் புரட்டல?

மார்ச் 11, செவ்வாய்

வாசலில் நிறுத்தி மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்றேன். சொன்னால் பாஸ்வேர்டு விஷயம் வெளியே வந்து எட்டுப் பேர் வேலையும் போயிருக்குமாம்.

“வெளியாள் எழுதியிருந்தா விட்டிருப்பேன். நீங்க ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்ல.”

பஸ் ஏறிப் போய்விட்டாள். நன்றாக வேண்டும் எனக்கு.

மார்ச் 17, திங்கள்

கையுறைக்கு வழி அவளேதான் சொன்னாள். அடையாள அட்டையை அங்கியின் கைக்குள் செருகிக்கொண்டால், துணிக்கு மேலேயே இயந்திரம் படிக்குமா? படித்தது! ஒரு தட்டு, பிறகு நாலு இலக்க எண், திரையில் அவரவர் பெயர். பதினோரு வருஷமாக அங்கே பம்ப் பூட்டும் அக்கா தன் பெயரைப் பார்த்ததும் கணினியிலிருந்து வெளியே வந்து மறுபடி தட்டினார். மறுபடியும். போதும்க்கா, அட்டை தேஞ்சிடும் என்று பிடித்து இழுத்தார்கள். எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. குதித்தேன். தூசியில்லா அறையில் குதிக்கக் கூடாது என்று நாத்தனாரிடம் திட்டு வாங்கினேன்.

மார்ச் 24, திங்கள்

ஆய்வாளருக்குத் தரும் பட்டியலில் பழைய குறைகளையும் எழுத வேண்டும். அந்தப் பம்பையும் என் அறிக்கையையும் எழுதினேன். மேலாளருக்கு வியர்த்துவிட்டது. நாமே வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதா என்கிறார். நாற்பது பேரை நினைத்தால் எனக்கும் பயம்தான். ஆனாலும் எழுதியதை அடிக்கவில்லை. அந்த எட்டுப் பேர்மேல் நடவடிக்கை கூடாது என்று மட்டும் அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 26, புதன்

ஆய்வாளர் அம்மாவுக்குச் சிரிக்கவே தெரியாது. நாத்தனாரை வைத்துக்கொண்டே பட்டியலை உரக்கப் படித்தார் — விடுப்பில் இருந்தவர்மேல் பழி விழுந்தது, சரிபார்க்காமல் எழுதியது நான். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு, நாத்தனாரின் அட்டையை வாங்கிக் கணினிக்குள் நுழைந்து காட்டும்படி என்னிடம் சொன்னார். அவளிடம் கையை நீட்டினேன்.

“நீங்க கேட்டாலும் குடுக்க மாட்டேன், அண்ணி.”

ஆய்வாளர் ஏதோ குறித்துக்கொண்டார். அதற்கப்புறம் யார் பேசியதும் எனக்குக் காதில் விழவில்லை. அண்ணி என்றாளே!

ஏப்ரல் 6, ஞாயிறு

வெள்ளிக்கிழமை சான்றிதழ் வந்தது. பழைய குறையை மறைக்காததைப் பாராட்டி அதில் ஒரு வரி. இரண்டாம் ஷிஃப்ட் ஓடும். என் பழைய அறிக்கையை மேலாளர் ரத்து செய்து, பதவியை அவளுக்கே கொடுத்துவிட்டார்.

இன்று சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். தங்கையைப் பார்த்த சந்தோஷத்தில் இவர் பெருக்கிய வீட்டையே மறுபடி பெருக்கினார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது சொல்கிறாள்:

“அண்ணி, நாளையிலேர்ந்து உங்க ரிப்போர்ட் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். தப்பு இருந்தா திருப்பி அனுப்பிடுவேன், சொல்லிட்டேன்.”

அனுப்பட்டும், நன்றாக அனுப்பட்டும். இரண்டு வருஷமாக இந்த வீட்டில் என்னோடு சண்டை போட ஆளே இல்லை.