மூன்று கோச்சும் உங்கள் சிவப்புத் துண்டும்

மைதானத்து மண்ணோடு வீட்டுக்குள் நடந்து வந்து, தினமும் என்னிடம் திட்டு வாங்கிய என் வீட்டுக்காரருக்கு,

நல்லா இருக்கீங்களா என்று கேட்கத்தான் வாய் வருகிறது. நீங்கள் இருக்கிற இடத்தில் மழை உண்டா, மைதானம் உண்டா, எனக்கு என்ன தெரியும்? நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. எழுத்து கோணலாகத்தான் இருக்கும். இந்த வருசக் காலேஜ் மலருக்கு உங்களைப் பற்றி எழுதித் தரச் சொல்லி ஆன்டனி சார் கேட்டார். உங்களைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. உங்களுக்கு எழுதத்தான் வருகிறது. படிக்கிறவர்கள் கூடப் படித்துக்கொள்ளட்டும்.

ஆன்டனி சார் யார் என்று கேட்பீர்கள். நீங்கள் போன இந்த இரண்டு வருசத்தில் நம்ம காலேஜ் புட்பால் டீமுக்கு வந்த மூன்றாவது கோச். நாகர்கோவிலுக்கு அந்தப் பக்கம், கடற்கரை ஊர்க்காரர். நீங்கள் ஒரே ஆளாகப் பத்தொன்பது வருசம் நின்ற இடத்தில் மூன்று பேர் நின்று பார்த்துவிட்டார்கள். இரண்டு பேர் போயும் விட்டார்கள். அவர்கள் ஏன் போனார்கள் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அதைச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உங்கள் சிவப்புத் துண்டு ஞாபகம் இருக்கிறதா? இதென்ன கேள்வி. கடையநல்லூர் தறியில் நெய்தது. வெள்ளைத் துண்டு வாங்குங்கள், பார்க்க மரியாதையாக இருக்கும் என்று நான் சொன்னேன். "சாரல்ல வெள்ள தெரியாது பேச்சி. பயலுவ கண்ணுக்குத் தெரியணும்லா" என்றீர்கள். செங்கோட்டைப் பக்கமிருந்து காற்று அடிக்கிற மாசங்களில் நம்ம மைதானத்தில் நின்று என்ன கத்தினாலும் அது பாவூர்ப் பக்கம்தான் போய்ச் சேரும். அதனால்தான் நீங்கள் கத்துவதை விட்டுவிட்டுத் துண்டால் பேசினீர்கள். இடது தோளில் கிடந்தால் பந்து இடது பக்கம். வலது தோள் என்றால் வலது. தலையில் போட்டால் எல்லாரும் பின்னால் வந்து கோலைக் காக்க வேண்டும். ஆட்டம் முடியப் பத்து நிமிசம் இருக்கும்போது இடுப்பில் கட்டிவிடுவீர்கள். ஜெயிக்கிற ஆட்டமோ தோற்கிற ஆட்டமோ, கட்டிவிடுவீர்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு, இனி உங்க ஆட்டம்லே என்று அர்த்தம்.

எனக்கும் அந்தத் துண்டைப் படிக்கத் தெரியும். வாசலில் வரும்போதே தோளில் கிடந்தால் ஜெயிப்பு. கையில் சுருட்டியிருந்தால் தோல்வி. அன்றைக்கு ஒன்றும் கேட்காமல் காப்பியில் இன்னொரு கரண்டி சீனி போடுவேன். நீங்கள் அதைக் கண்டுபிடித்தீர்களா இல்லையா என்று கடைசி வரைக்கும் எனக்குத் தெரியாது.

நீங்கள் போய் நாற்பது நாள் கழித்து இசக்கியும் சாகுலும் வந்தார்கள். அப்போது இரண்டு பேரும் முதல் வருசம். இப்போது இசக்கிதான் கேப்டன். சாகுல் இடது பக்கம் ஓடுகிறவன், கடையநல்லூர்ப் பிள்ளை. "கோச்சம்மா, நீங்க ஒண்ணும் செய்யாண்டாம். வந்து சார் நாற்காலில உக்காந்தாப் போதும்" என்றான் இசக்கி. வெறுங்கையோடு போக ஒரு மாதிரி இருந்தது. ஆணியில் தொங்கிய துண்டை எடுத்துக்கொண்டு போனேன். அதை நான் துவைக்கவே இல்லை. உங்கள் வாசம் அதில்தான் மிச்சம் இருந்தது. சாரல் விழுந்தால் மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்வேன்.

முதல் ஆட்டம் ஜெயித்தோம். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கொடிக்கம்பத்துப் பக்கம் உங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தோள் கனத்தால் அந்தப் பக்கம் மாற்றிப் போடுவேன். அவ்வளவுதான் நான் செய்தது. அதன் பிறகு ஒரு ஆட்டம் விடாமல் போனேன்.

முதலில் வந்த கோச் வயசானவர். நாலு மாசத்தில் கிளம்பிவிட்டார். "இங்கன பயலுவ என் மூஞ்சியப் பாக்கவே மாட்டேங்கானுவ" என்று டீக்கடையில் சொல்லிவிட்டுப் போனாராம். அதைக் கேட்டு நான் என்ன நினைத்தேன் என்று உங்களிடம் மறைக்க முடியாது. சந்தோசப்பட்டேன். என் வீட்டுக்காரர் இடத்தில் எவன் வந்து நின்றுவிட முடியும் என்று நினைத்தேன். அன்றைக்குப் பாயசம் வைத்துக் குடித்தேன் என்றால் நம்புவீர்களா? வைத்தேன்.

இரண்டாவது வந்தவர் சின்ன வயசு, கெட்டிக்காரர். ஒரு வருசம் தாக்குப் பிடித்தார். துபாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்ததும் சொல்லிக்கொள்ள வீட்டுக்கு வந்தார். "இந்த டீமுக்குக் கோச்சு ஏற்கெனவே இருக்காருக்கா, நான் எதுக்கு" என்றார். உங்களைப் புகழ்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்த விதத்தைப் பார்த்தாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ஆன்டனி சார் வந்தபோது காலேஜில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். இவரும் போனால் இனி ஆள் தேட மாட்டோம், டீமைக் கலைத்துவிடுவோம், மைதானத்தில் பாதியை வண்டி நிறுத்த எடுத்துக்கொள்வோம் என்று. இசக்கிதான் வந்து சொன்னான். நீங்கள் கல் பொறுக்கிய மைதானம் அல்லவா?

ஆடி கடைசியில் திருநெல்வேலி டீமோடு நம்ம மைதானத்தில் ஆட்டம். ஒரு கோல் முன்னால் இருந்தோம். ஆன்டனி சார் எதிர் லைனில் நின்று, ஏறிப் போங்க, ஏறிப் போங்க என்று தொண்டை கிழியக் கத்தினார். சாகுல் பந்தோடு தன்னந்தனியாக ஓடிக்கொண்டிருந்தான். எதிரே கோல் கீப்பர் மட்டும்தான். அந்த நேரம் பார்த்துப் பொலபொலவென்று சாரல் இறங்கியது. பந்தை விட்டுக் கண்ணை எடுக்க மனசில்லை. பையும் மறந்தது, முந்தானையும் மறந்தது. கையில் இருந்த துண்டைத் தூக்கித் தலையில் போட்டுக்கொண்டேன்.

சாகுல் நின்றான். திரும்பிப் பந்தைப் பின்னால் தட்டிவிட்டான். அத்தனை பேரும் நம்ம கோலுக்கு ஓடி வந்து சுவர் மாதிரி நின்றார்கள். எதிர் டீமுக்கே ஒன்றும் புரியவில்லை. ஆன்டனி சார் தலையில் கை வைத்துவிட்டார். சுவராக நின்று என்ன செய்ய? சறுக்கி விழுந்து, சறுக்கி விழுந்து, அடுத்தடுத்து இரண்டு கோல் வாங்கினார்கள். துண்டு கனத்தது என்று எடுத்து இடது தோளில் போட்டேன். பந்து இடது பக்கம் போனது.

முன்னால் வந்த இரண்டு கோச்சும் சொல்லிவிட்டுப் போனது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எனக்கு அந்தக் குறிப்பெல்லாம் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் அது உங்கள் தோளில் கிடந்தால்தான் பேசும் என்று நினைத்திருந்தேன். துண்டைச் சுருட்டி நாற்காலிக்கு அடியில் வைத்தேன். பிள்ளைகள் பந்தை விட்டுவிட்டு என்னைத் தேடித் தேடிப் பார்த்தார்கள். தோற்றுப் போனோம்.

தோற்றால் ஐந்தருவி, ஜெயித்தால் பேரருவி, குளித்து முடிக்கிற வரைக்கும் ஆட்டத்தைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது. நீங்கள் வைத்த சட்டத்தை ஆன்டனி சார் மாற்றவில்லை. நான் எலுமிச்சம் சாதத் தூக்கோடு வேனில் முன் சீட்டில் இருந்தேன். காசிமேஜர்புரம் தாண்டும்போது பின்னால் சண்டை பிடித்துவிட்டது.

"ஏலே சாகுலு, கோச்சு அங்கன கெடந்து கத்துனாரே, காதுல என்ன பஞ்சா வச்சிருக்க?"

"கேட்டுச்சுலே. ஆனா துண்டு தலைல கெடந்துச்சுல்லா."

"மழைக்குப் போட்டாவடா!"

"உனக்கு அப்ப தெரிஞ்சா நீ ஏன் பின்னால ஓடியாந்த? பெரிய கேப்டன் கணக்கா பேச வந்துட்டான்."

ஆன்டனி சார் திரும்பினார். "எந்தத் துண்டு?" என்று கேட்டார். இந்த வருசம் சேர்ந்த ஒரு பொடியன்தான் ஒவ்வொரு குறிப்பாகச் சொன்னான். அவன் உங்களைப் பார்த்ததே இல்லை. ஆனால் துண்டைப் படிக்கத் தெரிந்திருக்கிறது. மூத்த பிள்ளைகள் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அருவிக்குள் போய் நின்றேன். தண்ணீர் தலையில் அடித்தால் அழுதது யாருக்கும் தெரியாது. கரையேறி வந்து பையிலிருந்த துண்டை மோந்து பார்த்தேன். சாரலில் நனைந்து ஈர வாடைதான் அடித்தது. நீங்கள் அதில் இல்லை.

மறுநாள் காலையில் ஆன்டனி சார் வீட்டுக்கு வந்தார். உங்கள் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். "எக்கா, உங்க மேல கோவம் இல்ல கேட்டியளா. அண்ணாச்சி நின்ன எடத்துல எனக்குக் கால் வைக்க எடம் இல்ல. வேலைய விட்டுப் போறேன்னு வியாழக்கிழம எழுதிக் குடுத்திருவேன்" என்றார்.

நான் உள்ளே போய்த் துண்டை எடுத்துவந்து நீட்டினேன். "இத நீங்க போட்டுக்கிடுங்க சார். குறிப்பெல்லாம் நான் சொல்லித் தாறேன்." அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு பாடு தெரியுமா? அவர் கையால் தொடவில்லை. "என் தோள்ல கெடந்தாலும் பயலுவ என்னைப் பாக்க மாட்டானுவ. துண்டத்தான் பாப்பானுவ" என்றார். கொஞ்சம் சிரித்தார். "நமக்கு எதிரி டீமு கூட இப்பிடி ஒரு ஏற்பாடு செய்ய முடியாதுக்கா."

வியாழனுக்கு முன்னால் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். இரண்டு நாள் யோசித்தேன். துண்டை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாம். ஆனால் அன்றைக்கு நாற்காலிக்கு அடியில் ஒளித்தபோது அவர்கள் தேடினார்களே. மறைத்தால் தேடுவார்கள். என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்று உங்கள் படத்தையும் கேட்டேன். நீங்கள் எப்போது வாய் திறந்து பதில் சொன்னீர்கள், இப்போது சொல்ல?

புதன்கிழமை சாயங்காலம் பிராக்டிஸ் நடக்கும்போது போனேன். நாற்காலியில் உட்காரவில்லை. எல்லாரும் பார்க்கிற மாதிரி நடு லைனுக்குப் பக்கத்தில் போய் நின்று துண்டை விரித்தேன். இடுப்பைச் சுற்றி, சேலைக்கு மேலே கட்டி, இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டேன்.

பந்து உருண்டு தானாக எங்கேயோ போய் நின்றது. முதலில் இசக்கிதான் வந்தான்.

"கோச்சம்மா, அது கடைசிப் பத்து நிமிசத்துக்குல்லா. இப்ப எதுக்கு?"

"அவருக்கு ஆட்டம் முடிஞ்சிட்டுல்லாய்யா."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். சாகுல் தூரத்திலேயே நின்றான், பக்கத்தில் வரவில்லை. "அவரு சொல்ல வேண்டியதச் சொல்லிட்டாரு. இனி உங்க ஆட்டம். சந்தேகம் வந்தா அந்தா நிக்காரு பாருங்க, அவரு மூஞ்சியப் பாருங்க" என்று ஆன்டனி சாரைக் காட்டினேன். அவர் விசிலை வாயில் வைத்து ஊதினார்.

வியாழக்கிழமை அவர் எழுதிக் கொடுக்கவில்லை. இப்போதும் இங்கேதான் இருக்கிறார். வீட்டம்மாவையும் பிள்ளையையும் கூட்டி வந்து மேலகரத்தில் வீடு பார்த்துவிட்டார். காற்றுக் காலத்துக்கு அவரும் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். விசிலில் ஒன்று, இரண்டு, மூன்று என்று விட்டு விட்டு ஊதுகிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிள்ளைகளுக்குப் புரிகிறது.

போன ஆட்டத்துக்குக் குடையோடு போனேன். உங்கள் நாற்காலியை ஆன்டனி சார் பக்கம் போடச் சொல்லிவிட்டு, நான் ஜனங்களோடு படிக்கட்டில் உட்கார்ந்தேன். நடுவில் சாரல் வந்தது. குடையை விரித்தேன். ஒரு பிள்ளையும் திரும்பிப் பார்க்கவில்லை. சாகுல் நேரே போய்க்கொண்டே இருந்தான். ஒன்றுக்கு ஒன்று, சமமாக முடிந்தது.

அதைத்தானே நான் கேட்டேன்? ஆனாலும் சொல்கிறேன், ஒரே ஒரு தடவை எவனாவது திரும்ப மாட்டானா என்று ஆட்டம் முடியும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர்கள் திரும்பிப் பார்த்தபோதெல்லாம் நீங்கள் அங்கன நிற்கிற மாதிரி இருந்தது. வருகிற சித்திரையில் இசக்கியும் சாகுலும் படிப்பை முடித்துப் போய்விடுவார்கள். அதற்கப்புறம் அந்த மைதானத்தில் உங்களைக் கண்ணால் கண்ட ஆள் நான் ஒருத்திதான்.

துண்டைத் துவைத்துவிட்டேன். சாயம் கொஞ்சம் போனது. பழைய ஆணியிலேயே தொங்குகிறது. இனி அது வீட்டை விட்டு வராது, நான் மட்டும்தான் போவேன். எந்தக் கோச் வந்தாலும், எந்தப் பிள்ளைகள் ஆடினாலும், கால் நடக்கிற வரைக்கும் ஒரு ஆட்டம் விடாமல் போவேன். தோற்று வருகிற அன்றைக்கு, உங்கள் படத்துக்கு முன்னால் வைக்கிற காப்பியில் இன்னொரு கரண்டி சீனி போடுவேன். அதைப் பார்த்து நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
குடைக்குள் உட்கார்ந்து உங்கள் பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்க்கும் உங்கள் பொஞ்சாதி,
பேச்சியம்மாள்