உருவிக்கொண்ட அம்மா முடிச்சு

இயேசு மரி சூசை துணை

கடலூர் முதுநகர்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மகன் ஆனந்துக்கு அம்மா சவரிமேரி எழுதுவது. ஆண்டவர் தயவால் இங்கே நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அப்பாவுக்கு மூட்டுவலி, எனக்கு உன்னால் தலைவலி, மற்றபடி குறையில்லை. நீயும் மருமகள் நித்யா மேரியும் வெளிநாட்டில் அந்த டார்வின் ஊரில் சுகமாக இருப்பதை அவ்வப்போது உன் யூடியூப் வீடியோவில் பார்த்துக்கொள்கிறேன், நீயாகப் போன் செய்து சொன்னதாக ஞாபகம் இல்லை. போனில் பேசினால் பாதியில் புகுந்து என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம், இதில் குறுக்கே பேச முடியாது பார்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் சிதம்பரத்திலிருந்து தில்லைநாதன் சார் நம் தூண்டில் கடைக்கு வந்தார், பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், ஞாயிறுதோறும் கிள்ளை உப்பங்கழியில் தூண்டில் போடுகிறவர், ராடு ரீல் எல்லாம் நம்மிடம்தான் வாங்குவார். வந்தவர் ராடைக் கல்லா மேல் போட்டு, ஏம்மா, உளுத்துப்போன நூலக் குடுத்திருக்கீங்க, ஏழெட்டுக் கிலோ கொடுவா மீனு, கரைக்கு ரெண்டு முழம் இருக்கும்போது பொய்மீன் லூரோட அறுத்துக்கிட்டுப் போயிடுச்சு என்று கத்தினார். கடையில் ஐந்தாறு பேர் நிற்கிறார்கள். நான் கண்ணாடியைப் போட்டு நூல் நுனியைப் பார்த்தேன். பல இழை பின்னிய பிரெய்டு நூல் அறுந்தால் துடைப்பம் மாதிரி பிரிந்து நிற்கும், இது வெட்டிய நுனி வெட்டியபடியே சுருள் சுருளாக நெளிந்திருந்தது. நூல் அறலை சார், முடிச்சு உருவிக்கிச்சு, எந்த மடையன் சொல்லிக் குடுத்தான் இத என்று கேட்டேன். அவர் போனைத் திருப்பிக் காட்டினார். வீடியோவில் உன் மூஞ்சி. தொப்பி, கறுப்புக் கண்ணாடி, பின்னால் ஆறு. இதுதாங்க அம்மா முடிச்சு, எங்கம்மா கடலூர்ல முப்பது வருஷமா தூண்டில் கடை வெச்சிருக்காங்க, அவுங்க கத்துக்குடுத்தது, எந்த நூலுக்கும் நிக்கும் என்கிறாய். கடையே சிரித்தது.

எந்த நூலுக்கும் என்று நான் எப்போதடா சொன்னேன்? நீ எட்டாவது படிக்கும்போது நம் கடையில் நைலான் தங்கூஸ் நரம்பைத் தவிர வேறு கிடையாது, ஐந்து சுற்றுச் சுற்றி நுனியைச் சொருகி எச்சில் தொட்டு இறுக்கினால் தங்கூஸ் கவ்விக்கொள்ளும், அதைத்தான் காட்டினேன். பிரெய்டு பட்டுநூல் மாதிரி வழுக்கும் என்று உன் கைக்குத் தெரியவில்லையா, எஞ்சினீயர் கைதானே அது? கேமரா முன்னால் எச்சில் தொட வெட்கம் வேறு, காய்ந்த நூலை அப்படியே இறுக்குகிறாய். ஆனால் உன்னை மட்டும் திட்டிவிட்டு நான் ஒதுங்கினால் அது கடைக்காரி சாமர்த்தியம். பிரெய்டு விற்க ஆரம்பித்து ஆறு வருஷம், வாங்குகிறவர் அதில் என்ன முடிச்சுப் போடுகிறார் என்று ஒருவரையும் கேட்டதில்லை. சார் போனபிறகு பிரெய்டில் அதே முடிச்சைச் சுவர் ஆணியில் நானே கட்டி இழுத்தேன், ஐந்துக்கு மூன்று உருவிக்கொண்டு வந்தது. அப்புறம் ஆணியில் கிடந்த வளையத்தைக் கழற்றி, நூலை இரட்டையாக மடித்து அதற்குள் விட்டு, சாதாரண முடிச்சு ஒன்று போட்டு, அந்த மடிப்புக்குள் வளையத்தையே நுழைத்து நனைத்து இறுக்கி, திரும்ப ஆணியில் மாட்டி இழுத்தேன். ஆணி பிடுங்கிக்கொண்டு வந்தது, முடிச்சு அசையவில்லை. இதைக் கடைக்கு வருகிறவர்கள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்கள், எனக்கேவா என்று காதில் வாங்காமல் இருந்தேன்.

பத்து நாள் கழித்துக் கிள்ளையிலிருந்து வலைக்காரர் கதிர்வேல் வந்தார், காகிதத்தில் சுற்றிய பச்சை லூர், இது உங்க கடைச் சரக்காம்மா என்றார். தில்லைநாதன் சாருடையதுதான். அந்தக் கொடுவா கதிர்வேல் வலையில் விழுந்திருக்கிறது, லூரின் ஒரு கொத்துத் தூண்டில்முள் மேல்தாடையில், இன்னொன்று கீழ்த்தாடையில், வாயைத் தைத்துவிட்ட மாதிரி. தலைதான் பெருசு, ஒடம்பு வாழைப்பட்டையாட்டம் ஒட்டிக்கெடந்துச்சு, சாவுற வேளைல என் வலையையும் கிழிச்சிடுச்சு என்றார். அந்த அளவு கொடுவா முட்டை போடுகிற பொட்டை மீன் என்பது உனக்குத் தெரியாததா? பத்து நாள் பட்டினி. இது உன் வீடியோவில் வராது.

உன் மற்ற வீடியோக்களையும் உட்கார்ந்து பார்த்தேன். மீனைப் பிடித்தால் திரும்ப விட்டுவிடுவேன் என்று பீற்றுகிறாய். தாடையைக் குறட்டால் கவ்வி மூன்று நிமிஷம் தொங்கவிட்டுச் சிரிக்கிறாய், நான் பார்க்கக் கூசுகிறது. உன் தலையைப் பக்கெட் தண்ணீரில் மூன்று நிமிஷம் அமுக்கி ஒரு போட்டோ எடுக்கவா? காய்ந்த துண்டால் துடைக்கிறாய், அந்த வழவழப்புதான் அதற்குத் தோலுக்கு மேல் தோல், அது போனால் புண் வரும். கையை நனைத்துக்கொள், வயிற்றடியில் இன்னொரு கை கொடு, முடிந்தவரை தண்ணீரிலேயே வைத்து முள்ளை எடு, அது தானாக வாலை அடித்து நழுவும்வரை பிடித்திரு, கூடையில் குப்பை கொட்டுகிற மாதிரி வீசாதே. முள்ளின் உள்பக்கத்து எதிர்முள்ளை முன்னாடியே குறட்டால் நசுக்கிவிட்டால் சுலபமாகக் கழலும். நசுக்கினால் மீன் தப்பித்துவிடுமே என்றால், விடத்தானே போகிறாய், துரை?

போன சனிக்கிழமை பஸ் ஏறிச் சிதம்பரத்துக்கே போனேன். தப்பு எங்களுது சார் என்று சொல்லி, தில்லைநாதன் சார் கண்ணெதிரே மடிப்பு முடிச்சை மூன்று தடவை கட்டிக் காட்டினேன். மனிதர் காப்பி கொடுத்துவிட்டு, ரொம்ப சந்தோஷம்மா, இத தம்பிய வீடியோவா போடச்சொல்லுங்க, பாத்துக் கத்துக்கறேன் என்கிறார். கட்டிக் காட்டியவள் எதிரே உட்கார்ந்திருக்கிறேன்! உன் அம்மா முடிச்சை நாற்பதாயிரம் பேர் பார்த்ததாகப் போட்டிருக்கிறது. அவர்கள் எல்லார் வீட்டுக்கும் நான் பஸ் ஏற முடியாது. இந்தக் கடையில் என்னிடம் வேறு சொத்து இல்லை, சவரிமேரி சொன்னா சரியா இருக்கும் என்று நம்பி வருகிறார்கள், அதை வைத்துத்தான் உன்னைப் படிக்க வைத்தேன். அதனால் அந்த வீடியோவை எடுத்துவிட்டு வேறு போடு, தொப்பி கண்ணாடி இல்லாமல். நானும் எங்கம்மாவும் தப்பாச் சொல்லிட்டோம் என்று வாயால் சொல், என் பேரை மறைக்காதே, நல்ல முடிச்சைக் கட்டி இழுத்துக் காட்டு.

மாதா உங்கள் இரண்டு பேரையும் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். நித்யா மேரியை நான் விசாரித்ததாகச் சொல், அவளாவது போன் செய்யட்டும். ஒன்றை மறக்காதே, அந்தப் பச்சை லூரைக் கல்லாவுக்கு மேல் தொங்கவிட்டிருக்கிறேன், பிரெய்டு கேட்டு வருகிறவர்களுக்கு அதைக் காட்டி, முடிச்சு உருவின கதையைச் சொல்லிவிட்டுத்தான் நூலை எடுக்கிறேன். இதுக்கு யாரும்மா முடிச்சு சொல்லிக்குடுத்தது என்று கேட்கிறார்கள். இப்போதைக்கு என் மகன் என்கிறேன். நீ வீடியோ போடுகிற அன்றைக்கு, நான்தான் என்று சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் மேல் கோபமும் பாசமும் குறையாத அம்மா,
ச. சவரிமேரி