சர்க்கரையின் பிள்ளை

முட்டைப் பெட்டியைத் திறந்ததும் ஈரத் தேங்காய்நார்த் தூளின் வாசனை முகத்தில் அடித்தது. அடியே, குஞ்சுகள் வந்துவிட்டன! அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். எதுவானாலும் உன்னிடம்தான் முதலில் சொல்வேன். நீ போய் மாதங்கள் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

நாம் இருவரும் சேர்ந்து கார்ன் ஸ்நேக் என்ற வளர்ப்புப் பாம்பு வாங்கப் போனது நினைவிருக்கிறதா? தறியிலிருந்து இறங்கிய சேலையை உங்கள் வீட்டில் பின்புறம் திருப்பித்தான் முதலில் பார்ப்பீர்கள். இழை விட்டிருந்தால் அங்கேதான் தெரியும். பாம்பையும் நீ அப்படியே மல்லாத்திப் பிடித்தாய். விற்பவர் பதறிப்போனார்.

"இன்னாம்மா, பொடவையா அது?"

"மேல மினுக்குறதப் பாத்து ஏமாறக் கூடாதுண்ணா," என்றாய் நீ. அதற்குள் பாம்பு உன் கையில் அசிங்கம் பண்ணிவிட்டது. வழியெல்லாம் உன்னைக் கிண்டல் செய்துகொண்டே வந்தேன்.

ஆனால் நீ செய்ததில் விஷயம் இருந்தது. சாதாரணக் கார்ன் ஸ்நேக்கின் வயிற்றில் கருப்பு வெள்ளைக் கட்டம் இருக்கும். மோட்லி என்ற வகைக்கு வயிறு வெறுமையாக இருக்கும். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் மோட்லி குஞ்சு பிறக்கும். நம் பெண் பாம்பு குங்குமத்தின் தாய் மோட்லி. அதனால் அதற்குள் ஒரு பங்கு ஒளிந்திருப்பது நிச்சயம். ஆண் பாம்பு சர்க்கரையின் பூர்வீகம் யாருக்கும் தெரியாது. அதில்தான் நமக்குச் சண்டை.

"சாதா பாம்புடி அது. பாத்தாலே தெரியுது," என்றேன்.

"பாத்தா தெரியறதுக்கு அது இன்னா ஜரிகையா? உள்ள இருக்குது. நீ பாத்துக்கினே இரு."

இரண்டையும் ஜோடி சேர்த்துப் பார்ப்பது, மோட்லி ஒன்றுகூட வராவிட்டால் சர்க்கரையை, பாம்பு வளர்க்கும் ஐயம்பேட்டைக்காரருக்குக் கொடுத்துவிடுவது என்று பேசி முடித்தோம். அவர் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒத்துக்கொண்டாயே தவிர, அன்று முழுக்க நீ அதைக் கையிலிருந்து இறக்கவில்லை. கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் உனக்கு அதே பேச்சுதான். "முட்ட பொரிஞ்சதும் அவசரப்படாதடி. திருப்பிப் பாரு."

இன்று காலை நான் அவசரப்பட்டேன். எல்லாக் குஞ்சுகளின் முதுகிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிவப்புத் திட்டுகள். தோற்றுவிட்டாயே என்று எனக்கு அழுகை வந்தது. ஐயம்பேட்டைக்காரருக்குப் போன் செய்தேன். சாயங்காலம் வருவதாகச் சொன்னார்.

பெட்டியை மூடப் போனபோதுதான் நீ சொன்னது உறைத்தது. ஒவ்வொன்றாகத் திருப்பினேன். கட்டம். கட்டம். மறுபடியும் கட்டம். கடைசியாக, திட்டுகள் கொஞ்சம் ஒட்டினாற்போல் இருந்த ஒரு குஞ்சு, விரலில் சுற்றிக்கொண்டு திரும்பவே மாட்டேன் என்றது. மெல்ல மல்லாத்தினேன். கஞ்சி போட்ட வேட்டி மாதிரி வெள்ளை வெளேரென்ற வயிறு! ஒரு கட்டம் இல்லை. "ஜெயிச்சிட்டடி!" என்று கத்தினேன். கீழே அம்மா பயந்துவிட்டாள்.

உடனே மறுபடி போன் போட்டேன். "அண்ணா, வராதீங்க. சர்க்கரைய தர மாட்டேன்."

"காலைல தரேன்னியேம்மா?"

"அப்ப மேல மட்டும் பாத்துட்டேண்ணா."

இப்போது சர்க்கரை என் தோளில் கிடக்கிறது. எத்தனை சந்தோஷமோ அத்தனை அழுகை எனக்கு. குஞ்சை அதன் முகத்தருகே கொண்டுபோய், உன் கை எப்படிப் பிடிக்குமோ அப்படியே பிடித்து, வயிற்றைத் திருப்பிக் காட்டினேன்.