பக்கத்துப் பள்ளத்தாக்கின் டாக்டர்

மைனாட், வடக்கு டகோட்டா
ஏப்ரல் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

எஸ்தேவன் எழுதுகிறேன். நான் நலம். இங்கே ஏப்ரலிலும் பனி விடவில்லை. காற்றாலைக் கோபுரத்தின் உச்சிக்குப் போனால் கையுறைக்குள் விரல் இருக்கிறதா என்று அசைத்துத்தான் பார்க்க வேண்டும். சம்பளம் ஒழுங்காக வருகிறது. சாப்பாடுதான் மோசம். பச்சை மிளகாய்க் குழம்பு என்று ஒன்றை ஊற்றுகிறார்கள், அதில் மிளகாயைத் தவிர எல்லாம் இருக்கிறது.

நீங்கள் கேட்ட மதகுத் திருகுத் தண்டை இந்தப் பெட்டியில் வைத்திருக்கிறேன். பழையது இடமரை, இது வலமரை. வேறு கிடைக்கவில்லை. சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் மதகு ஏறும். உபால்தோ சித்தப்பாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பலத்தைக் காட்டி உடைத்துவிட்டு என்னைத் திட்டுவார். மாட்டும்முன் கிரீஸ் போடுங்கள்.

கடிதத்தையும் இந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்ததற்குக் காரணம் உண்டு. தனியாக அனுப்பினால் தபால் நிலையத்தில் அம்மாதான் வாங்குவாள், அங்கேயே பிரிப்பாள். இரும்புச் சாமான் பெட்டியை அவள் தொடமாட்டாள். போனிலும் பேச முடியவில்லை. தங்கை மரிசேலாவின் பெயரை எடுத்ததும், "இந்தா, உங்கம்மாகிட்ட பேசு" என்று கைமாற்றிவிடுகிறீர்கள். காகிதத்தை அப்படிச் செய்ய முடியாது என்று நினைக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மருத்துவப் படிப்புக்குக் கிடைத்த இடத்துக்கு மே முதல் தேதிக்குள் அவள் பதில் அனுப்ப வேண்டும். அவளுக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை, ஆகவே பெற்றவர் கையெழுத்து வேண்டும். அம்மா, "உங்கப்பா போட்டா நான் போடுறேன்" என்கிறாள். நீங்கள் காகிதத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். மரிசேலா அதை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு, நர்ஸ் உதவியாளர் வகுப்பில் சேரப்போவதாக என்னிடம் சொல்கிறாள்.

அது என்ன இடம் என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு முறை சொல்கிறேன். டாக்டராக ஆசைப்படுகிற மற்றவர்கள் நான்கு வருடம் பட்டம் படித்து, தேர்வு எழுதி, நாடு முழுக்க இருபது கல்லூரிக்கு விண்ணப்பித்து, பாதிப் பேர் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். இவளுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே பட்டத்துக்கும் மருத்துவப் படிப்புக்கும் சேர்த்து ஒரே இடம். மதிப்பெண்ணைக் காப்பாற்றினால் போதும், நடுவில் யாரும் வெளியே தள்ள முடியாது. நம்மைப் போன்ற சின்ன ஊர்ப் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கியது. நம் மாவட்டத்தில் இந்த வருடம் இவள் ஒருத்திக்குத்தான் கிடைத்திருக்கிறது.

உங்கள் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. நேர்காணலுக்கு நீங்கள்தான் காரை ஓட்டிக்கொண்டு போனீர்கள். தாழ்வாரத்தில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தீர்கள். திரும்பும் வழியில், "என்ன கேட்டாங்க மகளே?" என்று கேட்டீர்கள். அவள், "படிச்சு முடிச்சு எங்க போவேன்னு கேட்டாங்க. எங்க ஊருக்குப் போக மாட்டேன்னு சொன்னேன்" என்றாள். நீங்கள் ரேடியோவை அணைத்தீர்கள். வீடு வரும்வரை ஒரு வார்த்தை இல்லை. அன்றிலிருந்து இன்றுவரை அதே கதைதான்.

பிறகு அம்மாவிடம் மட்டும் சொன்னீர்கள். அம்மா கோவில் வாசலில் பிரிஸ்கா பெரியம்மாவிடம் மட்டும் சொன்னாள். அன்று சாயங்காலமே பெட்ரோல் பங்கில் முன்பின் பேசாத ஒருத்தர் மரிசேலாவிடம், "என்னம்மா, எங்க ரத்தமெல்லாம் உனக்கு ஆகாதாமே?" என்று கேட்டிருக்கிறார். வாய்க்கால் தூர்வாரும் நாளில் சித்தப்பா என்ன பேசினார் என்பதை எனக்கு மூன்று பேர் போன் செய்து சொன்னார்கள். "வருங்கால டாக்டரம்மா நம்ம கையப் புடிச்சுப் பாக்க மாட்டாங்களாம். மம்பட்டியையாவது யாராவது புடிங்கப்பா" என்றாராம். எல்லோரும் சிரித்தார்களாம். நீங்கள் வாய்க்கால் தலைவர், சிரிக்கவும் முடியாமல் திட்டவும் முடியாமல் நின்றீர்களாம்.

"நிலத்தப் பாக்குறவனுக்குத்தான் தண்ணி. ஊரப் பாக்காதவளுக்கு ஊர் பேர்ல எதுக்கு இடம்?" என்று நீங்கள் சொன்னதாக அம்மா சொன்னாள். நியாயமான கேள்விதான். அவள் வெறுமனே போக மாட்டேன் என்று சொல்லியிருந்தால் நானே அந்தக் காகிதத்தைக் கிழித்திருப்பேன். அவள் சொன்னதில் பாதியைத்தான் நீங்கள் கேட்டீர்கள். மீதியை அவள் உங்களிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னாள். சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாள். நான் கேட்கப்போவதில்லை.

அந்த அறையில் மூன்று பேர் இருந்தார்களாம். நடுவில் ஒரு வயதான டாக்டர். அவர், "ஏன் போக மாட்ட?" என்று கேட்டிருக்கிறார். மரிசேலா சொன்னது இது: "எங்க ஊர்ல பாதிப் பேர் எனக்குச் சித்தப்பா, மீதிப் பேர் மாமா. என் முன்னால சட்டையக் கழட்ட மாட்டாங்க. எவ்வளவு குடிக்கிறாங்கன்னு உண்மையச் சொல்ல மாட்டாங்க. எங்கம்மா காதுக்குப் போயிரும்னு பயம். நான் சொல்லலன்னாலும் அந்தப் பயம் போகாது. பக்கத்துப் பள்ளத்தாக்குக்கு என்னை அனுப்புங்க, அங்க நான் யார் வீட்டுப் பொண்ணும் இல்ல. அங்கருந்து ஒரு பொண்ணு இங்க நேர்காணலுக்கு வருவா, அவள எங்க ஊருக்கு அனுப்புங்க."

அந்த டாக்டர் சிரித்துவிட்டு, "இதெல்லாம் நீயே யோசிச்சியா?" என்று கேட்டாராம். அவள், "இல்ல. எங்க ஊர்ல ஒருத்தர் இருக்கார். கிளினிக் அவர் வீட்டுலருந்து நடந்து போற தூரம். ஆனா மூணு மாசத்துக்கு ஒரு தடவ மலைக்கணவாயத் தாண்டி ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டிக்கிட்டுப் போய் டாக்டரப் பாக்குறார். பனி பெஞ்சாலும் போறார். அவருக்குப் பக்கத்துலயே ஒரு டாக்டர் வேணும், ஆனா அது நானா இருக்கக் கூடாது" என்றாளாம்.

அப்பா, அது யார் என்று நான் எழுதத் தேவையில்லை.

வைக்கோல் கட்டும் கம்பி வாங்கப் போவதாகத்தான் வீட்டில் சொல்கிறீர்கள். அதற்காக யாரும் கணவாயைத் தாண்டித் தாவோஸுக்குப் போவதில்லை. அந்தக் கம்பி நம் ஊர்க் கடையிலேயே தொங்குகிறது. போன நவம்பரில் நான் வந்திருந்தபோது உங்கள் தோள் வலிக்கிறது என்று என்னை ஓட்டச் சொன்னீர்கள். "நீ இங்கயே இரு, கடைக்காரன் கிழவன், பேச ஆரம்பிச்சா விட மாட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நான் வண்டியில்தான் இருந்தேன். எனக்குக் கண் இருக்கிறது. நீங்கள் நுழைந்த கட்டடத்தில் என்ன எழுதியிருந்தது என்று படிக்கவும் தெரியும். அன்று கம்பியும் வாங்கவில்லை. நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. மரிசேலாவிடமும் சொல்லவில்லை.

அவளுக்கு அது தானாகவே தெரிந்திருக்கிறது. வண்டியின் ஃபியூஸ் மாற்றச் சொன்னீர்களே, அப்போது சீட்டுக்கு அடியில் மாத்திரை டப்பாவைப் பார்த்திருக்கிறாள். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள். அது என்ன மருந்து என்று அவளுக்குத் தெரியும். போன வாரம் நான் கேட்டேன், அதட்டியும் கேட்டேன். "அது அப்பா சமாச்சாரம். வேணும்னா அவரக் கேளு" என்று போனை வைத்துவிட்டாள். கூடப்பிறந்த அண்ணனிடமே இப்படி.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஊரே அவளைக் கேலி செய்கிறது. நீங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு வாக்கியம் போதும், "அப்பா, நான் உங்களத்தான் சொன்னேன்" என்று. வீட்டில் அம்மா இருக்கிறாள் என்பதற்காக அதை அவள் சொல்லவில்லை. காரில் நீங்கள் இருவர் மட்டும் இருந்தபோதும் சொல்லவில்லை, உங்களுக்கு வெட்கமாக இருக்கும் என்று. கையில் வந்த இடத்தையே விடத் தயாராகிவிட்டாள். இது எனக்கு முட்டாள்தனமாகத்தான் படுகிறது. ஆனால் டாக்டர் வேலைக்கு இந்த முட்டாள்தனம்தான் வேண்டும் என்றும் தோன்றுகிறது.

கிளினிக்கில் இருக்கிற பெர்லா உங்கள் பெரியப்பா மகன் பெண். நல்ல நர்ஸ், வாய் திறக்காதவள். அவளிடமே நீங்கள் போகவில்லை. குற்றமாகச் சொல்லவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலே ஊர் கேட்கும் என்று உங்களுக்குத் தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு பேசிய ஒரு நேர்காணலே பெட்ரோல் பங்கு வரைக்கும் வந்துவிட்டது. அப்புறம் உங்கள் உடம்பைப் பற்றி வராதா? மரிசேலா சொன்னது சரி என்பதற்கு நம் வீட்டைவிட வேறு சாட்சி வேண்டாம்.

பள்ளத்தாக்கு மாறினாலும் அவள் பார்க்கப்போவது நம் ஆட்களைத்தான். அங்கேயும் வாய்க்கால், அங்கேயும் இதே சண்டை. வாய்க்கால் கூட்டத்தில் உங்கள் தம்பி வயலுக்கு மட்டும் நீங்கள் தண்ணீர் முறை வைக்காமல் வேறு ஆளை வைத்து அளக்கச் சொல்வீர்களே. அவள் கேட்பதும் அதுதான்.

உங்கள் உடம்புக்கு என்ன என்று எனக்கு எழுத வேண்டாம். எழுதினால் நல்லது, ஆனால் கட்டாயமில்லை. ஒன்றே ஒன்று மட்டும் தெரிந்தால் போதும்: மோசமானதா, இல்லையா. ஒரு வார்த்தை. எனக்குச் சொல்ல வேண்டாம் என்றால் அவளிடமாவது சொல்லுங்கள். அவள் டப்பாவில் இருந்ததைப் படித்திருக்கிறாள், டாக்டர் சொன்னதைக் கேட்டதில்லை. மீதியை அவளாகவே கற்பனை செய்துகொண்டிருக்கிறாள். இந்த மாதம் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அம்மா சொல்வது நேர்காணலால் மட்டும் இருக்காது.

அடுத்த முறை தாவோஸுக்குப் போகும்போது அவளை ஓட்டச் சொல்லுங்கள். வெளியில் உட்கார வைக்காதீர்கள். கூடவே உள்ளே கூட்டிப் போங்கள்.

காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது அவள் இப்போதும் உங்கள் முன் வந்து ஒரு நிமிடம் நிற்கிறாளாம். நீங்கள் அவள் நெற்றியில் சிலுவை போடாமல் காபியைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களாம். கையெழுத்து போடுவது உங்கள் இஷ்டம், அதில் நான் வற்புறுத்தவில்லை. இது மட்டும் வேண்டாம் அப்பா. நாளைக் காலையே அவள் நெற்றியில் கையை வையுங்கள். தூரத்தில் இருக்கிறேன் என்று எனக்காக நீங்கள் தினமும் சொல்லும் ஆசி இருக்கிறதே, இந்த வருடம் முழுக்க அதையும் அவளுக்கே கொடுத்துவிடுங்கள். நான் சமாளித்துக்கொள்வேன்.

உங்கள் மகன்,
எஸ்தேவன்