தையலுக்கு விட்ட அரை அங்குலம்

ஜனவரி 14, செவ்வாய்

கணக்கில் மறுபடியும் தோல்வி. மற்றப் பாடங்களிலெல்லாம் போன வருஷமே தேறிவிட்டேன், இது ஒன்றுதான் கழுத்தை அறுக்கிறது. பாதியில் விட்ட பள்ளிப் படிப்புக்குச் சான்றிதழ் வாங்காமல் ஆகஸ்டில் தொடங்கும் நர்ஸ் படிப்பில் சேர முடியாது. முதியோர் இல்லத்துப் படுக்கை விரிப்புகளைத் துவைத்தபடியே நான் கிழவியாக வேண்டியதுதான். ஐம்பத்தோரு வயதில் இதற்கு அழலாமா? அழவில்லை. சோள ரொட்டி சுட்டேன். வெர்ன் இரண்டு துண்டு தின்றுவிட்டு, "விடு, அந்த டிராக்டர் கிளட்ச்ச நான் எத்தன தடவ கழட்டி மாட்டிருக்கேன்?" என்றான். புருஷனின் ஆறுதல் இவ்வளவுதான். ஆனாலும் தேவலாம்.

ஜனவரி 21

நூலகத்தில் நடக்கும் கணக்கு வகுப்பில் புதிதாக ஒருத்தி, யெசெனியா. பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து நேரே வருகிறாள். இயற்கணிதத்தில் புலி. நானோ x-ஐப் பார்த்தாலே பயந்து அடுத்த கணக்குக்குத் தாவிவிடுவேன்.

"ஏன் லோர்னா பயப்படுறீங்க? அது யாருன்னு தெரியாத ஆளு, அவ்ளோதான். சுத்தி நிக்கிறவங்கள ஒவ்வொருத்தரா வெளிய அனுப்புங்க. கடைசில தனியா மாட்டிக்கும்."

இதை ஏன் யாரும் முன்பே சொல்லவில்லை?

ஜனவரி 25

தனியாகப் போட்ட முதல் கணக்கு. செவ்வகத்தின் நீளம் அகலத்தைவிட 18 அதிகம், சுற்றளவு 300. அகலம் x, நீளம் x + 18. இரண்டு அகலமும் இரண்டு நீளமும் சேர்ந்தால் 4x + 36 = 300. முப்பத்தாறை இரண்டு பக்கத்திலிருந்தும் வெளியே அனுப்பினேன். 4x = 264. நாலால் வகுத்தால் x = 66. நீளம் 84.

அட, ஒற்றைக் கட்டில் போர்வையின் அளவு! நான் போட்ட கூச்சலில் வெர்ன் ஓடி வந்தான். "இதுக்குத்தானா? பன்னி வேலி தாண்டிருச்சோன்னு பயந்துட்டேன்."

பிப்ரவரி 11

மாதிரித் தேர்வு. இயற்கணிதம் நன்றாகவே செய்திருக்கிறேன். வடிவியல் அத்தனையும் தப்பு. அத்தனையும்! சர்ச் நிலவறையில் முப்பது வருஷமா துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைக்கிறேன், எனக்கா சதுரமும் முக்கோணமும் தெரியாது? என்ன கொடுமை இது — பேசாம விட்டுடலாமா?

பிப்ரவரி 13

யெசெனியா கண்டுபிடித்துவிட்டாள். பக்கம் 6 உள்ள சதுரத்தின் பரப்பளவு 42¼ என்று எழுதியிருந்தேன்.

"ஆறாறு முப்பத்தாறுதானே? அரையக் கூட்டி ஆறரையாக்கிருக்கீங்க. அந்த அரை எங்கேர்ந்து வந்துச்சு?"

"தையலுக்கு விட்டேன்."

"என்னது?"

"ஆறங்குலத் துண்டு வேணும்னா ஆறரையா வெட்டணும்ல? ஒவ்வொரு ஓரத்துலயும் கால் அங்குலம் தையல்ல போயிடுமே."

அவள் மேஜையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். நூலகர் முறைத்தார். "லோர்னா, இந்தச் சதுரத்த யாரும் தைக்கப் போறதில்ல!"

ஒவ்வொரு கணக்கிலும் அதே அரை. என்னைக் கேட்காமலே கை சேர்த்திருக்கிறது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நானும் சிரித்துக்கொண்டே வண்டி ஓட்டினேன்.

மார்ச் 4

இன்று போட்ட எந்தச் சதுரத்துக்கும் தையல் விடவில்லை. கை கெஞ்சியது.

ஏப்ரல் 12, சனி

தேர்வு. செங்கோண முக்கோணம், சிறிய பக்கங்கள் 9, 12. பெரிய பக்கம்? 81-ம் 144-ம் 225. வர்க்கமூலம் 15. பார்த்தால் திரையில் 15.5 என்று தட்டியிருக்கிறேன்! யாரும் தைக்கப் போவதில்லை என்று முணுமுணுத்து அந்த அரையை அழித்தேன்.

சாயங்காலம் மின்னஞ்சல் வந்தது. தேறிவிட்டேன். வண்டிக்குள் உட்கார்ந்து நன்றாக அழுதேன். யெசெனியாவும் தேறிவிட்டாளாம். போனில் அவள் போட்ட கூச்சலில் காது இன்னும் ஙொய் என்கிறது.

ஜூலை 27, ஞாயிறு

யெசெனியாவுக்குப் போர்வை தைக்க உட்கார்ந்தேன். 66 அங்குலச் சதுரம். ஆறங்குலத் துண்டு, வரிசைக்குப் பதினொன்றாகப் பதினொரு வரிசை. எல்லாவற்றையும் வெட்டி, முதல் வரிசையைத் தைத்து அளந்தால் குட்டையாக இருக்கிறது. ஒவ்வொரு துண்டையும் சரியாக ஆறங்குலத்துக்கே வெட்டியிருக்கிறேன்! தையலுக்கு ஒரு நூல்கூட விடவில்லை.

வெர்ன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பரீட்சையில பாஸு, போர்வையில ஃபெயிலா?"

துணியைக் குப்பையில் போடவா முடியும்? பென்சிலை எடுத்தேன். தைத்தபின் ஒரு துண்டு ஐந்தரை. 5.5x = 66. x = 12. பக்கத்துக்குப் பன்னிரண்டு வைத்தால் அளவு சரியாக வந்துவிடுகிறது. மொத்தம் 144 துண்டு வேண்டும், கையில் இருப்பது 121. மஞ்சள் துணி மீதம் இருந்தது. அதிலிருந்து இன்னும் இருபத்துமூன்று துண்டு வெட்டினேன், தையலுக்கு விடாமலே.